ரேம் ஏற்றிய பிறகும் ஓவர்கிளாக் செய்த பிறகும் மக்கர் பண்ணும் டெஸ்க்டாப்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது எப்படி?

புது ரேம் போட்ட மறுநாளோ, பிராசஸரை ஓவர்கிளாக் செய்து, அதாவது அதன் வேகத்தை வழக்கத்தைவிடக் கூட்டிய அன்றைக்கே ராத்திரியோ "டிஸ்ப்ளேயே வரல" என்று வரும் மெஷின்களைத் திரும்பத் திரும்பச் சரிசெய்து பார்த்ததில், பெரும்பாலும் எந்தப் பாகமும் கெட்டுப்போயிருப்பதில்லை. ஒன்று ரேம் முழுசாக உட்கார்ந்திருக்காது. இல்லை என்றால் ரேம் மாற்றம், எக்ஸ்எம்பி (ரேமைப் பெட்டியில் எழுதிய வேகத்தில் ஓட்டும் அமைப்பு), மல்டிப்ளையர் (பிராசஸர் வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கு எண்), வோல்டேஜ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றியிருப்பார்கள், அப்புறம் எது தப்பு என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது. அதனால் ரேம் ஏற்றுவதையும் ஓவர்கிளாக்கையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். ரேமைப் போட்டு, சோதித்து, சில நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிராசஸர் பக்கம் போங்கள்.

கைவைப்பதற்கு முன் செய்ய வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன. பயாஸில் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், மதர்போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) இப்போது இருக்கும் அமைப்புகளை ஒவ்வொரு பக்கமாக மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் வசதி) ஓடுகிறதா என்று பாருங்கள், ஓடினால் அதன் ரெக்கவரி கீயை வேறு எங்காவது எழுதி வைத்துவிடுங்கள். சிமாஸ் கிளியர் (பயாஸ் அமைப்புகளை ஆரம்ப நிலைக்குத் திருப்புவது) செய்தாலோ பயாஸ் அப்டேட் செய்தாலோ அந்தக் கீயைக் கேட்கக்கூடும், கையில் இல்லையென்றால் டிஸ்க்கில் இருப்பது எதையும் திறக்க முடியாது. முக்கியமான ஃபைல்களை வெளியில் ஒரு டிரைவில் நகல் எடுங்கள். கேபினட்டைத் திறக்கும்போது பவர் கேபிளைக் கழற்றி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து, கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

## அறிகுறி 1: ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை

### ரேம் மாற்றியதும் இப்படி ஆனால்

முதலில் காத்திருங்கள். டிடிஆர்5 (புதிய தலைமுறை ரேம்) மதர்போர்டுகள் புது ரேமைப் பார்த்ததும் மெமரி டிரெய்னிங் (ரேமோடு ஒத்துப்போகத் தன்னைச் சரிசெய்துகொள்வது) செய்யும், அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும், சில போர்டு தானாகவே அணைந்து அணைந்து எழும். ஏஎம்5 (ஏஎம்டியின் ரைசன் 7000 முதலான பிராசஸர்களுக்கான சாக்கெட்) போர்டில் பெரிய அளவு ரேம் போட்டால் இதற்குப் பத்து நிமிடத்துக்கு மேல்கூட ஆகலாம். நிறைய பேர் ஒரு நிமிடத்தில் பொறுமை இழந்து பவரை அணைத்துவிடுகிறார்கள், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிறது. கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள்.

அப்படியும் வரவில்லை என்றால் மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும் மெஷினில் கேபிளைத் திரும்பச் செருகும்போது போர்டின் போர்ட்டில் செருகிவிடுவது சகஜம். கையை உள்ளே விட்டு ரேமை அழுத்தும்போது கிராஃபிக்ஸ் கார்டும், பிராசஸருக்குப் போகும் 8 பின் பவர் கேபிளும் லேசாக நகர்ந்திருக்கலாம், இரண்டையும் அழுத்திவிடுங்கள்.

அடுத்தது ரேம் உட்கார்ந்த விதம். இங்கேதான் அதிகம் தவறுகிறது. பல போர்டுகளில் ஸ்லாட்டின் ஒரு முனையில் மட்டும்தான் பூட்டு இருக்கும், மறுமுனை வெறும் பள்ளம். பூட்டு இருக்கும் பக்கம் "டக்" என்று சத்தம் கேட்டதும் உட்கார்ந்துவிட்டது என்று விட்டுவிடுவோம், ஆனால் மறுமுனை ஒரு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டிருக்கும். டார்ச் அடித்து, கண்ணை ஸ்லாட் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பக்கவாட்டில் பாருங்கள். தங்க நிறக் காண்டாக்ட் வரிசை ஒரு பக்கம் மறைந்து, மறுபக்கம் மெல்லிய கோடாகத் தெரிந்தால் அது உட்காரவில்லை. இரண்டு கட்டைவிரலாலும் இரண்டு முனையையும் சமமாக அழுத்துங்கள். பெரிய ஏர் கூலர் இருந்தால் அதன் ஃபேன் ரேமின் தலையில் முட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அழுத்தியும் போகாத அளவுக்கு முரண்டு பிடித்தால் வகையே தப்பாக இருக்கலாம். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் நடுவில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும், ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது ஏறாது. சர்வரிலிருந்து கழற்றி விற்கும் ரெஜிஸ்டர்டு ரேம் சாதாரண டெஸ்க்டாப் போர்டில் வேலை செய்யாது. டிடிஆர்4 வகையில் அது ஸ்லாட்டில் ஏறிக்கூட உட்கார்ந்துவிடும், ஆனால் டிஸ்ப்ளே வராது. குறைந்த விலைக்குக் கிடைத்தால் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

சரி, எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது, அப்போதும் வரவில்லை. போர்டில் சிபியூ, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு சின்ன விளக்குகள் இருந்தால் எது அணையாமல் நிற்கிறது என்று பாருங்கள். டிராம் விளக்கு நின்றால் எல்லா ரேமையும் கழற்றிவிட்டு ஒரே ஒரு ஸ்டிக்கை ஏ2 ஸ்லாட்டில் போடுங்கள், நான்கு ஸ்லாட் போர்டில் அது பெரும்பாலும் பிராசஸர் பக்கத்திலிருந்து இரண்டாவது. வந்தால் அடுத்த ஸ்டிக்கை அதே ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட ஸ்டிக்கில் மட்டும் எந்த ஸ்லாட்டிலும் வரவில்லை என்றால் அந்த ஸ்டிக் போய்விட்டது. எல்லா ஸ்டிக்கும் ஒரு ஸ்லாட்டில் மட்டும் வரவில்லை என்றால் ஸ்லாட்டோ, பிராசஸர் சாக்கெட்டோ, போர்டோ காரணம்.

காண்டாக்டில் விரல் ரேகையோ படிவோ இருந்தால் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். ரப்பர் வைத்துத் தேய்ப்பதும் வேலை செய்யத்தான் செய்யும், ஆனால் அந்தத் துகள் ஸ்லாட்டில் விழுந்தால் வேறு தலைவலி.

எந்த ஸ்டிக்கும் எந்த ஸ்லாட்டிலும் வரவில்லை என்றால் பயாஸ் பழசாக இருக்கலாம். 24, 48 ஜிபி டிடிஆர்5 ஸ்டிக்குகள் 2023-ல்தான் சந்தைக்கு வந்தன, அதற்கு முந்தைய பயாஸ் பல போர்டுகளில் அவற்றை அடையாளம் காணாது. பழைய ரேமைப் போட்டு பயாஸை அப்டேட் செய்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். ரேமே இல்லாமல் பென் டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் ஃபிளாஷ்பேக் பட்டன் போர்டின் பின்புறம் இருந்தால் இன்னும் சுலபம்.

### ஓவர்கிளாக் சேவ் செய்து ரீஸ்டார்ட் ஆனதும் இப்படி ஆனால்

பயப்படாதீர்கள், போர்டு போகவில்லை. பெரும்பாலான போர்டுகள் சில முறை முயன்று தோற்றபின் தானாகவே பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். திரும்பவில்லை என்றால் சிமாஸ் கிளியர்தான். பவர் கேபிளை முற்றிலும் கழற்றுங்கள். போர்டில் சிஎல்ஆர் சிமாஸ் என்றோ ஜேபேட்1 என்றோ எழுதியிருக்கும் இரண்டு பின்களை ஸ்குரூடிரைவர் நுனியால் பத்து விநாடி சேர்த்துப் பிடியுங்கள். பின் தெரியவில்லை என்றால் நாணயம் போல் இருக்கும் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். ரைசன் (ஏஎம்டி பிராசஸர்) மெஷினில் இதற்கப்புறம் எஃப்டிபிஎம் (பிட்லாக்கர் கீயைப் பத்திரமாக வைத்திருக்கும் பகுதி) பற்றி ஒரு கேள்வி வந்து ஒய் அழுத்தவா, என் அழுத்தவா என்று கேட்டால், பிட்லாக்கர் கீ கையில் இல்லாதபோது கண்டிப்பாக ஒய் அழுத்தாதீர்கள்.

டெக்னீஷியனிடம் போக வேண்டிய கட்டம்: சிமாஸ் கிளியருக்கு அப்புறம், ஒரே ஸ்டிக்கோடு, மற்ற எல்லாவற்றையும் கழற்றியும் வரவில்லை என்றால். கருகிய வாடை வந்தால் அதற்கும் முன்பே, மறுபடி ஒரு தடவை போட்டுப் பார்ப்போம் என்றுகூட ஆன் செய்யாதீர்கள்.

## அறிகுறி 2: டிஸ்ப்ளே வருகிறது, போட்ட ரேம் முழுதாகக் காட்டவில்லை

பயாஸில் எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்தாலே வழி இரண்டாகப் பிரிந்துவிடும்.

### பயாஸில் முழுசாக இருக்கிறது, விண்டோஸில் குறைகிறது

விண்டோஸ் 32 பிட்டா என்று பாருங்கள். 32 பிட் விண்டோஸ் 10 எத்தனை ஜிபி போட்டாலும் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது. 64 பிட் என்றால் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் 'ஹார்ட்வேர் ரிசர்வ்டு' எவ்வளவு என்று பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், அது கோளாறு இல்லை. பல ஜிபி போயிருந்தால் எம்எஸ்கான்ஃபிக் திறந்து, பூட் பகுதியின் அட்வான்ஸ்டு ஆப்ஷனில் 'மேக்சிமம் மெமரி' டிக் ஆகியிருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுங்கள். மெஷின் வேகமாகும் என்று எங்கோ படித்துவிட்டு அதை டிக் செய்தவர்கள் நிறைய, அதனால் எந்த வேகமும் வராது.

### பயாஸிலேயே குறைகிறது

உட்காராத ஸ்டிக், செத்த ஸ்டிக், இரண்டையும் மேலே சொன்ன மாதிரி ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஒரு சேனல் (பிராசஸர் ரேமோடு பேசும் பாதை) முழுக்கவே, அதாவது ஏ1, ஏ2 இரண்டுமோ பி1, பி2 இரண்டுமோ தெரியவில்லை என்றால் சந்தேகம் பிராசஸர் சாக்கெட் மேல் போக வேண்டும். கூலரை ஒரு பக்கம் மட்டும் அதிகமாக முறுக்கினால்கூட இப்படி ஆகும். நான்கு ஸ்குரூவையும் கொஞ்சம் தளர்த்தி, எக்ஸ் வடிவில் மாற்றி மாற்றிச் சமமாக முறுக்கிப் பாருங்கள். சமீபத்தில் பிராசஸரைக் கழற்றி மாட்டியிருந்தால் பின் வளைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

டெக்னீஷியனிடம் போக வேண்டிய கட்டம்: வளைந்த சாக்கெட் பின். ஊசி வைத்து நிமிர்த்தும் வீடியோக்கள் கிடைக்கின்றன, ஆனால் பின் ஒடிந்தால் போர்டையே மாற்ற வேண்டியதுதான். மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்பவரிடம் கொடுங்கள்.

## அறிகுறி 3: அளவு சரி, வேகம் குறைவு

3200 என்று போட்டு வாங்கிய ரேம் சிபியூ-இசட் என்ற மென்பொருளில் 1600 காட்டினால் அது சரியான எண்தான், டிடிஆர் ஒரு சுழற்சிக்கு இரண்டு முறை தரவு அனுப்புவதால் இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும். டாஸ்க் மேனேஜரில் 2133, 2400, அல்லது டிடிஆர்5-ல் 4800 என்று நின்றால் பயாஸில் எக்ஸ்எம்பி போடவில்லை என்று அர்த்தம். ஏஎம்டி போர்டில் டிடிஆர்5-க்கு எக்ஸ்போ என்று இருக்கும். எச்610 மாதிரி அடிமட்ட சிப்செட் போர்டு ரேமை ஓவர்கிளாக் செய்ய விடாது, அங்கே எக்ஸ்எம்பி வேகத்தை எதிர்பார்த்துப் பயனில்லை.

நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு ஸ்டிக்கையும் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் போட்டிருந்தால் சிங்கிள் சேனலில் ஓடும். ஏ2, பி2, அதாவது இரண்டாவதும் நான்காவதும்தான் அவற்றின் இடம். கேம் ஆடுபவர்களுக்கு இந்த ஒரு மாற்றமே நன்றாகத் தெரியும்.

## அறிகுறி 4: எக்ஸ்எம்பி போட்டதும் நீலத்திரை, ஹேங், தானாக ரீஸ்டார்ட்

எக்ஸ்எம்பியும் ஓவர்கிளாக்தான் என்பதை முதலில் மனதில் வையுங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் வேகம் ரேம் தாங்கும் வேகம், உங்கள் பிராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலரும் போர்டும் அதைத் தாங்கும் என்று அந்தப் பெட்டி உத்தரவாதம் தரவில்லை.

எக்ஸ்எம்பியை எடுத்துவிட்டு மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளைப் பென் டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். இலவசப் பதிப்பு நான்கு பாஸ் (சுற்று) ஓடும், அது போதும். எக்ஸ்எம்பி இல்லாமலேயே பிழை காட்டினால் ஸ்டிக் பழுது, எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை, வாரண்டிக்கு அனுப்புங்கள், கிட்டாக (ஒரே பெட்டியில் ஜோடியாக) வாங்கியிருந்தால் இரண்டையும் சேர்த்து. எக்ஸ்எம்பியோடு மட்டும் பிழை வந்தால் கீழே சொல்லும் வரிசையில் போங்கள். ஒரே ஒரு பிழைதானே என்று விடாதீர்கள். ரேம் சோதனையில் ஏற்கத்தக்க பிழையின் எண்ணிக்கை சுழியம்.

பயாஸ் அப்டேட்டில் தொடங்குங்கள். ரேம் ஒத்துப்போகாத கோளாறுகளில் கணிசமானவை இதிலேயே தீரும், டிடிஆர்5 போர்டுகளில் குறிப்பாக. தீரவில்லை என்றால் வேகத்தை ஒரு படி இறக்குங்கள், 3600-ஐ 3466 அல்லது 3200, 6400-ஐ 6000. பயன்பாட்டில் அந்த வித்தியாசம் உங்கள் கண்ணுக்கே தெரியாது, அதற்காக வாரக்கணக்கில் மல்லுக்கட்டுவது வீண். ரைசன் 5000 வரிசையில் 3600-க்கு மேல் போனால் உள்ளே இருக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் (சிப்பின் பகுதிகளை இணைக்கும் பாதை) பல சிப்பில் அதே தாளத்துக்கு ஈடுகொடுக்காது, ஆகவே இறக்குவதில் இழப்பே இல்லை.

பழைய இரண்டோடு புதிதாக இரண்டு சேர்த்து நான்கு ஸ்டிக் ஆக்கியிருக்கிறீர்களா? அப்படியென்றால் அதுவே காரணமாக இருக்கலாம். ரைசன் 7000-க்கு இரண்டு ஸ்டிக்கில் 5200 என்று சொல்லும் ஏஎம்டியே நான்கு ஸ்டிக் என்றால் 3600 என்றுதான் சொல்கிறது. ஒரே பிராண்ட், ஒரே மாடல் எண் என்றாலும் வேறு வேறு நேரத்தில் வாங்கியதில் உள்ளிருக்கும் சிப் வேறாக இருக்கலாம். என்னைக் கேட்டால் பழைய இரண்டை விற்றுவிட்டுப் பெரிய இரண்டை ஒரே கிட்டாக வாங்குங்கள் என்பேன்.

வோல்டேஜ் கடைசி. டிடிஆர்4 எக்ஸ்எம்பி பெரும்பாலும் 1.35 வோல்ட், பயாஸ் அதைச் சரியாக எடுத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், சில போர்டு வேகத்தை ஏற்றிவிட்டு வோல்டேஜை 1.2-லேயே விட்டுவிடும். ஏஎம்5-ல் எஸ்ஓசி வோல்டேஜ் (பிராசஸருக்குள் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போவது) 1.3-ஐத் தாண்டவே கூடாது. 2023-ல் ரைசன் 7000எக்ஸ்3டி சிப்புகள் கருகியபோது ஏஎம்டி பயாஸ் வழியாகவே அந்த எல்லையைப் போட்டது. அந்த வருட நடுப்பகுதிக்கு முந்தைய பயாஸில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் எக்ஸ்போவைத் தொடுவதற்கு முன் அப்டேட் செய்யுங்கள்.

ஏஎம்5-ல் ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் டிரெய்னிங் நடந்து நேரமாகிறது என்று 'மெமரி கான்டெக்ஸ்ட் ரிஸ்டோர்' (பழைய டிரெய்னிங் முடிவையே திரும்பப் பயன்படுத்தும் அமைப்பு) போட்டவர்களுக்கு அதற்கப்புறம் நீலத்திரை வர ஆரம்பித்தால், அதை எடுத்துவிட்டுப் பாருங்கள், அல்லது 'பவர் டவுன்' அமைப்பையும் சேர்த்து எனேபிள் செய்யுங்கள்.

## அறிகுறி 5: பிராசஸர் ஓவர்கிளாக், லோடு ஏறியதும் விழுகிறது

எப்படி விழுகிறது என்பதைக் கவனியுங்கள், அதில்தான் துப்பு இருக்கிறது.

### நீலத்திரை வந்து விழுகிறது

'கிளாக் வாட்ச்டாக் டைம்அவுட்', 'டபிள்யூஹெச்இஏ அன்கரெக்டபிள் எரர்' என்றால் பெரும்பாலும் அந்த வேகத்துக்கு வோல்டேஜ் போதவில்லை. 'மெமரி மேனேஜ்மென்ட்' என்று வந்தால் ரேம் பக்கம் சந்தேகப்பட்டு அறிகுறி 4-க்குப் போங்கள். முதலில் 100 மெகாஹெர்ட்ஸ் இறக்குங்கள். நின்றால் உங்கள் சிப்பின் எல்லை அதுதான், ஏற்றுக்கொள்ளுங்கள். அதே வேகம் வேண்டும் என்றால் வோல்டேஜை 0.01 முதல் 0.02 வரை மட்டும் ஏற்றி, பிரைம்95 என்ற லோடு சோதனையை 'ஸ்மால் எஃப்எஃப்டி' முறையில் ஓட்டி, பக்கத்தில் ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளைத் திறந்து வெப்பத்தைப் பாருங்கள். 90 டிகிரியைத் தொடுகிறது என்றால் அதற்கு மேல் வோல்டேஜ் ஏற்றும் பேச்சே வேண்டாம். கூலர் தாங்கவில்லை.

### நீலத்திரையே இல்லாமல் சட்டென்று அணைகிறது

எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வெட்டுகிறது, அல்லது வெப்பம் எல்லை மீறுகிறது. வெப்பத்தைப் பார்த்துவிட்டு, அது சரியாக இருந்தால் ஓவர்கிளாக்கை எடுத்துவிட்டு அதே லோடைக் கொடுங்கள். இப்போதும் அணைந்தால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் யாரும் வீட்டில் பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

## அறிகுறி 6: லோடில் கல் மாதிரி நிற்கிறது, சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட்

சினிபெஞ்ச் சோதனை ஓடுகிறது, கேம் ஓடுகிறது, ஆனால் பிரவுசர் மட்டும் திறந்திருக்கும்போது பொத்தென்று போகிறது. ரைசனில் கர்வ் ஆப்டிமைசரை (கோருக்குப் போகும் வோல்டேஜைக் குறைக்கும் அமைப்பு) எல்லாக் கோருக்கும் ஒரேயடியாக மைனஸ் 30 என்று வைத்தால் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் லேசான வேலையில்தான் ஒரு கோர் மட்டும் உச்ச வேகத்துக்கு எகிறும், அந்த நொடியில் வோல்டேஜ் போதாது. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் டபிள்யூஹெச்இஏ லாகர் 18 என்ற பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள். அதில் ஏபிஐசி ஐடி என்று ஒரு எண் இருக்கும், எட்டுக் கோர் வரையுள்ள ரைசனில் அதை இரண்டால் வகுத்தால் பெரும்பாலும் விழுந்த கோரின் எண் கிடைக்கும், சுழியத்திலிருந்து எண்ணுங்கள். அந்தக் கோருக்கு மட்டும் ஐந்து ஐந்தாகக் குறைத்து மைனஸ் 25, 20 என்று வாருங்கள். கோர்சைக்ளர் என்ற இலவசக் கருவி ஒவ்வொரு கோராகச் சோதிக்கும், இந்தக் கோளாறுக்கு அதைவிட நல்லது இல்லை.

## அறிகுறி 7: விழவில்லை, ஆனால் வேகமும் ஏறவில்லை

இன்டெலில் பெயரின் கடைசியில் கே இல்லாத பிராசஸரில் மல்டிப்ளையர் ஏறாது, கே இருந்தாலும் இசட் சிப்செட் போர்டு வேண்டும். ஏஎம்டியில் ஏ320, ஏ520 போர்டுகள் பிராசஸர் ஓவர்கிளாக்கை அனுமதிக்காது. இதெல்லாம் சரி என்றால் வெப்பம். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மாட்டியது, லிக்விட் கூலர் பம்பின் கேபிள் செருகாதது, இரண்டும் அடிக்கடி பார்ப்பவை. வெப்பமும் குறைவு, ஆனால் லோடு ஏறியதும் வேகம் 800 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு விழுகிறது என்றால் போர்டின் விஆர்எம் (பிராசஸருக்கு மின்சாரம் தரும் பகுதி) சூடாகிப் பிராசஸரை அடக்குகிறது. அதன் மேல் காற்று படும்படி ஃபேன் வையுங்கள். போதவில்லை என்றால் அந்தப் போர்டுக்கு அந்தப் பிராசஸர் அதிகம்.

## அறிகுறி 8: இத்தனை நாள் நன்றாக ஓடியது, இப்போது விழுகிறது

கேபினட்டின் தூசியும் வெயில் காலமும் முதல் சந்தேகம், அப்புறம் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட். கடிகாரமும் தப்பாகக் காட்டி, பயாஸ் அமைப்பும் தானாக அழிந்தால் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது, புதிது போடுங்கள்.

ரேமை நேரடியாகச் சந்தேகப்பட வைக்கும் இன்னொரு அறிகுறி, பெரிய ஜிப் ஃபைலைப் பிரிக்கும்போது சிஆர்சி பிழை (ஃபைல் சிதைந்திருக்கிறது என்ற எச்சரிக்கை) வருவதும், நல்ல ஃபைல்கள் திறக்காமல் போவதும். அப்போது உடனே எக்ஸ்எம்பி, ஓவர்கிளாக் இரண்டையும் எடுத்துவிடுங்கள், மெம்டெஸ்ட்86 சுத்தமாக முடியும்வரை முக்கியமான எதையும் அந்த மெஷினில் சேவ் செய்யாதீர்கள். கெட்ட ரேம் வழியாகப் போன தரவு டிஸ்க்கிலும் கெட்டதாகவே எழுதப்படும், பேக்கப்பிலும் அதுவே போய் உட்காரும்.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 வைத்திருப்பவர்கள் மட்டும் இதைத் தனியாகக் கவனியுங்கள். கேம் திறக்கும்போது 'அவுட் ஆஃப் வீடியோ மெமரி' என்று வந்தால் ரேமையோ கிராஃபிக்ஸ் கார்டையோ மாற்றக் கிளம்பாதீர்கள். இந்தச் சிப்புகள் அதிக வோல்டேஜால் தேய்கின்றன என்று 2024-ல் இன்டெலே ஒப்புக்கொண்டு, ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் மைக்ரோகோட் (பயாஸ் வழியாகப் பிராசஸருக்குள் ஏறும் நிரல்) திருத்தங்களை வெளியிட்டது, வாரண்டியையும் இரண்டு வருடம் கூட்டியது. புது பயாஸ் ஏற்றினால் இனிமேல் தேய்வது கட்டுப்படும், ஏற்கெனவே தேய்ந்த சிப் திரும்பாது. பயாஸ் ஏற்றி, எல்லாவற்றையும் டீஃபால்ட்டில் வைத்து, அப்போதும் விழுகிறது என்றால் சிப்பை வாரண்டிக்கு அனுப்புங்கள்.